முகவரி ஒட்டிய வண்ணத்துப்பூச்சி

நம் சங்கத்து அன்பர்களுள், பிள்ளையையோ பெண்ணையோ அமெரிக்காவில் குடியமர்த்திவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்று பார்த்து வருவோர் பலர். திரும்பி வந்ததும் நயாகரா அருவியைப் பற்றியும், நியூயார்க் நகரத்து மாடங்களைப் பற்றியும் இப்பத்திரிகையில் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. நாங்களும் இருமுறை சென்று வந்தோம். ஆனால் எங்கள் மகன் வேலை பார்ப்பது கான்ஸாஸ் மாநிலத்தில். அங்கே கடலில்லை; மலையென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் மக்காச்சோளமும் சோயாவும் புல்வெளியுமே. "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று மாதுங்காவில் நண்பர்கள் கேட்டபோது, முதல் பயணத்துக்குப் பின் எங்களால் விடை சொல்ல முடியவில்லை. இரண்டாம் பயணத்துக்குப் பின் சொல்ல முடிகிறது. அங்கே ஒரு சனிக்கிழமை காலையில் நாங்கள் ஏழு வண்ணத்துப்பூச்சிகளுக்கு முகவரி ஒட்டி அனுப்பினோம்.

அது செப்டம்பர்த் திங்களின் நடுப்பகுதி. லாரன்ஸ் என்னும் பல்கலைக்கழக ஊருக்குத் தெற்கே பேக்கர் சதுப்பு நிலம் என்று ஓர் இடம். கோரையும் நாணலும் மண்டிய நீர்நிலைகள். அவற்றினிடையே நடப்பதற்குக் கரைகள். அங்கே ஏதோ திருவிழா என்று எண்ணிக்கொண்டே காரிலிருந்து இறங்கினோம். கூட்டமும் அப்படித்தான் இருந்தது. தாத்தா பாட்டிமார், கைக்குழந்தையைத் தோளில் சுமந்த தந்தையர், பள்ளிப் பிள்ளைகள் என்று நூற்றுக்கணக்கானோர். எல்லார் கையிலும் நீண்ட காம்பு வைத்த வெள்ளை வலை. ஒன்பது வயதான எங்கள் பேத்தி, நாங்கள் வரிசையில் நிற்பதற்குள் மூன்று வலைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அங்கே பிடிக்கப்படுவது மோனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சி. மன்னன் என்பது அச்சொல்லின் பொருள். செம்மஞ்சள் நிறச் சிறகு. அதில் கறுப்பு நரம்புகள். ஓரமெங்கும் கறுப்புக் கரையிட்டு, அக்கரையில் வெள்ளைப் புள்ளிகள். சிறகை விரித்தால் நான்கு விரற்கடை இருக்கும். எடை அரைக் கிராம். அதாவது இரண்டு பூச்சிகளை ஒருங்கே தராசிலிட்டால் ஒரு கிராம். இந்த அரைக் கிராம் உயிர், இலையுதிர் காலம் தொடங்கியதும் கனடாவின் தென்பகுதியிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் புறப்பட்டு, மெக்ஸிகோ நாட்டின் நடுவேயுள்ள மலைகளுக்குச் செல்கிறது. நெடுந்தொலைவு வருபவை 4,000 கிலோமீட்டர் வரை பறக்கின்றன. நாங்கள் நின்ற லாரன்ஸிலிருந்து அம்மலைகளுக்கு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டில்லிக்கு ஆகாய வழியே எவ்வளவு தொலைவோ கிட்டத்தட்ட அவ்வளவு.

ஒட்டும் சீட்டைக் கையில் கொடுத்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நம் பெண்கள் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பொட்டுதான்! வட்டமாக, 9 மில்லிமீட்டர் அகலம். அதன் மேல் மிகச் சிறு எழுத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டிய முகவரியும், ஒவ்வொரு பூச்சிக்கும் தனித்தனியான குறியெழுத்துகளும் இலக்கங்களும். எடை ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு. மற்றவர்கள் அதைத் தாளிலிருந்து உரிக்க நகத்தோடு போராடிக்கொண்டிருக்கையில், எங்களுள் ஒருவர் மிக எளிதாக உரித்து உரித்துக் கொடுத்தார். நாற்பது ஆண்டுக் காலம் நாள்தோறும் கண்ணாடி முன் நின்று செய்து பழகிய வேலையல்லவா? தொண்டர்களாக நின்ற அமெரிக்க அம்மையார் ஒருவர், "இவருக்கு நாங்கள் கற்பிக்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டார். மகனுக்கும் பேத்திக்கும் அதில் பெருமை.

பிடிப்பது அத்தனை எளிதன்று. பொன்னிறக் கொத்துகளாகப் பூத்த கோல்டன்ராட் செடிகளிலும் காட்டுச் சூரியகாந்திகளிலும் அவை தேன் குடித்துக்கொண்டிருந்தன. எதிரே சென்றால் பறந்துவிடும். பின்புறமாக மெல்லச் சென்று, வலையைப் பக்கவாட்டில் வீசி, உடனே காம்பைத் திருப்பி வாயை மடக்க வேண்டும். நாங்கள் வீசிய முதல் பத்து வீச்சில் அகப்பட்டவை சில சூரியகாந்தி இதழ்களே. பேத்தி மூன்றாம் வீச்சில் ஒன்றைப் பிடித்தாள்.

வலைக்குள் கைவிட்டு, நான்கு சிறகுகளும் முதுகின்மேல் கூடியிருக்கும்படி விரல்களிடையே பிடிக்கிறார்கள். கீழ்ச் சிறகின் அடிப்பக்கத்தில், நரம்புகளால் சூழப்பட்டுக் கையுறை வடிவில் ஓர் அறை தெரியும். சீட்டை அங்கே வைத்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு மூன்று நொடி அழுத்தினால் ஆயிற்று. அவ்விடம் பூச்சியின் உடல் நடுவுக்கு அருகில் இருப்பதால் பறக்கும்போது ஒரு பக்கம் சாய்வதில்லை என்று விளக்கினார்கள். பிறகு ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும். ஆணின் கீழ்ச் சிறகில் நரம்பொன்றின்மேல் கறுப்பு மச்சம் போன்ற புள்ளி உண்டு; பெண்ணுக்கு அது இல்லை, நரம்புகள் மட்டும் சற்றுத் தடித்திருக்கும். குறியெண், நாள், இடம், ஆண் பெண் என்னும் விவரம் எல்லாம் ஒரு தாளில் ஏற வேண்டும். எங்களுள் ஒருவர் ஒட்ட, ஒருவர் எழுதினோம். நண்பகலுக்குள் ஏழு ஆயிற்று. ஆண் நான்கு, பெண் மூன்று.

அவ்வேழில் ஒன்றைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தோம். ஐந்தாவது பூச்சியைப் பிடித்தவருடைய விரல் நடுங்கியதில் மேற்சிறகின் ஓரத்தில் நெல்மணி அளவுக்குக் கிழிந்துவிட்டது. பேத்தி எதுவும் சொல்லவில்லை. முகத்தை மட்டும் பார்த்தாள். தொண்டர் அம்மையார் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்து, "இதைவிடப் பெரிய கிழிசலோடு மெக்ஸிகோ போய்ச் சேர்ந்தவை உண்டு" என்று கூறிப் பறக்க விட்டார். அது ஒருமுறை தாழ்ந்து, நாணலைத் தொட்டு, பிறகு எழும்பித் தெற்கே போயிற்று. ஆயினும் அன்று பகலுணவு எங்களுக்கு ருசிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பேத்தியின் கேள்விகள். "தாத்தா, இதை யாரு முதல்ல கண்டுபிடிச்சா? அது மெக்ஸிகோ போறதுன்னு எப்படித் தெரியும்?" எங்களுக்கு விடை தெரியாது. பின்னர் அவ்வூர் நூலகத்தில் படித்தும் அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை அவளுக்குச் சொன்னோம். அதையே இங்கும் சொல்லுகிறோம்.

கனடா நாட்டு டொராண்டோ நகரத்தில் பிரெட் அர்க்கார்ட் என்று ஒருவர் பிறந்தார், 1911-ஆம் ஆண்டில். சிறுவயதிலேயே அவருக்கு ஓர் ஐயம். கோடை முழுவதும் கண்ணில் படும் இந்தச் செம்மஞ்சள் பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? பிற்காலத்தில் அவர் டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். நோரா என்னும் அம்மையாரை மணந்தார். அவரும் கணவரோடு சேர்ந்து அதே ஐயத்தின் பின்னால் போனார். பறவையின் காலில் வளையம் மாட்டுவது போலப் பூச்சியின் சிறகில் அடையாளச் சீட்டு ஒட்டிவிட்டால் அது எங்கே போகிறதென்று தெரிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் எளிது; ஒட்டுவதே பெரும்பாடாக இருந்தது. அஞ்சல் தலை போல நனைத்து ஒட்டும் சீட்டுகள் மழை பெய்ததும் உதிர்ந்துவிட்டன. பிறகு, கடைகளில் பண்டங்களின்மேல் விலைச்சீட்டு ஒட்டுகிறார்களே, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பசைதான் கைகொடுத்தது. மேற்சிறகின் முன்னோரத்தில் சிறிது செதிலைத் துடைத்துவிட்டு, சீட்டை மடித்து ஒட்டினார்கள். டொராண்டோப் பல்கலைக்கழகத்து விலங்கியல் துறைக்கு அனுப்புக என்பது அதிலிருந்த வாசகம்.

இரண்டு பேர் ஒட்டி ஒரு கண்டத்தை அளக்க முடியுமா? 1952-ஆம் ஆண்டில் பத்திரிகைக் கட்டுரை ஒன்றின் வாயிலாக உதவி வேண்டினர். முதலில் முன்வந்தவர்கள் பன்னிரண்டு பேரே. ஆண்டுகள் செல்லச் செல்ல அது நூற்றுக்கணக்காயிற்று. ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றோர், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலரும் சொந்தக் காசைச் செலவழித்து ஒட்டினர். வழியில் இறந்து கிடந்த பூச்சிகளைக் கண்டவர்கள் சீட்டை அனுப்பினர். அவ்விடங்களை நிலப்படத்தில் புள்ளி வைத்துக் கோடிழுத்தால், கோடுகள் எல்லாம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக டெக்ஸாஸ் நோக்கி ஓடின. டெக்ஸாஸுக்கு அப்பால் கோடு இல்லை. அங்கே மெக்ஸிகோ.

நோரா அம்மையார் 1972-இல் மெக்ஸிகோ நாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அதைப் படித்துவிட்டு, மெக்ஸிகோ நகரத்தில் வேலை பார்த்துவந்த கென் பிரக்கர் என்ற அமெரிக்கர் தாம் தேடிப் பார்ப்பதாகப் பதில் எழுதினார். அவரோடு மலை மலையாக அலைந்தவர் கத்தலீனா அக்வாதோ என்ற பெண்மணி. அவர் மிச்சோவாக்கான் மாநிலத்திலேயே பிறந்தவர். உள்ளூர் மொழியும் பழக்கமும் தெரிந்தவர். 1975 ஜனவரி 2-ஆம் நாள், செர்ரோ பெலோன் என்னும் மலையில் அவர்கள் அந்தக் காட்டைக் கண்டனர். மரத்தின் அடி தெரியவில்லை, கிளை தெரியவில்லை. கோடிக்கணக்கான பூச்சிகள் சிறகு மூடி, ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. பாரத்தால் கிளைகள் வளைந்திருந்தன.

இங்கே எங்கள் கருத்தொன்றைச் சொல்ல வேண்டும். 'கண்டுபிடித்தார்கள்' என்று நூல்கள் எழுதுகின்றன. அம்மலையடிவாரத்து மக்களுக்கு அது எப்போதும் தெரியும். விறகெடுக்கப் போனவர்களும் ஆடு மேய்த்தவர்களும் ஆண்டுதோறும் பார்த்தார்கள். நவம்பர் முதல் வாரத்தில், இறந்தோரை நினைத்து அவர்கள் விழாக் கொண்டாடும் நாட்களையொட்டி இப்பூச்சிகள் வந்து சேர்கின்றன. அவை முன்னோரின் உயிர்களே என்று கருதுவோரும் அங்கே உண்டு. எங்கிருந்து வருகின்றன என்பது மலையிலிருந்தவர்களுக்குத் தெரியாது. எங்கே போகின்றன என்பது கனடாவிலிருந்தவர்களுக்குத் தெரியாது. இரு பாதியையும் சேர்த்ததே கண்டுபிடிப்பு. சேர்த்துவைத்ததில் கத்தலீனாவின் பங்கு பெரிது. 1976 ஆகஸ்ட் மாத நேஷனல் ஜியாக்ரபிக் இதழின் அட்டையில், மேலெல்லாம் பூச்சிகள் மொய்க்க அமர்ந்திருப்பவர் அவரே. படம் உலகப் புகழ் பெற்றது. அவர் பெயர் நெடுங்காலம் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

அர்க்கார்ட் தம்பதியர் அம்மலைக்குச் சென்றது 1976 ஜனவரியில். அவருக்கு அப்போது வயது 64. கடல் மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டர் உயரம். மூச்சு வாங்க வாங்க ஏறியிருக்கிறார். கிளையொன்று பாரம் தாங்காமல் முறிந்து அவர் எதிரிலேயே விழுந்தது. சிதறிய பூச்சிகளின் நடுவே ஒன்றின் சிறகில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சீட்டு! அது மினசோட்டா மாநிலத்தில் சாஸ்கா என்ற ஊரில், 1975 ஆகஸ்டு மாதம், ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் ஒட்டியது. இடைத்தொலைவு ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். வட அமெரிக்கப் பூச்சிகள் இங்கேதான் வருகின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. சிறுவனாக எழுப்பிய கேள்விக்கு அறுபது வயதுக்கு மேல் விடை கிடைத்தது. அதற்குப் பிறகும் நெடுநாள் வாழ்ந்து 2002-இல் காலமானார்.

நாங்கள் ஒட்டிய சீட்டு இவ்வழியில் வந்தது. கான்ஸாஸ் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் பேராசிரியர் ஓர்லி டெய்லர் 1992-இல் மோனார்க் வாட்ச் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அன்று முதல் ஒட்டப்பட்டவை இருபது லட்சத்துக்கு மேல். மெக்ஸிகோவில் திரும்பக் கிடைத்தவை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான். அம்மலைக் கிராமத்து மக்கள் மரத்தடியில் இறந்து கிடப்பவற்றுள் சீட்டுள்ளவற்றைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் அவர்களுக்கு ஒரு தொகை தரப்படுகிறது. பல்லாயிரம் இறந்த சிறகுகளுக்கிடையே பொட்டளவு சீட்டைத் தேடுவதற்கு அது நியாயமான கூலிதான். முன்னதாகப் புறப்பட்டவற்றைவிடப் பிந்திப் புறப்பட்டவை போய்ச் சேருவது அரிது என்பது போன்ற செய்திகள் இவ்வாறு சேர்ந்த சீட்டுகளால் தெரியவந்தவை.

இதில் எங்களை மிகவும் ஆட்கொண்டது வேறொன்று. போகும் பூச்சி வேறு. திரும்பும் பூச்சி வேறு. கோடையில் பிறக்கும் மோனார்க் இரண்டு முதல் ஆறு வாரங்கள் வாழ்ந்து, முட்டையிட்டு, இறந்துவிடும். கோடையின் இறுதியில், பகல் குறுகி இரவு குளிரும்போது பிறக்கும் தலைமுறை மட்டும் அப்படியன்று. அதற்கு இனப்பெருக்க உணர்வு அடங்கியிருக்கிறது. கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு எட்டு மாதம் வரை உயிர் வாழ்கிறது. அதுதான் மெக்ஸிகோ செல்வது. குளிர்காலத்தை மலையில் கழித்துவிட்டு மார்ச் மாதத்தில் வடக்கே புறப்பட்டு, டெக்ஸாஸ் முதலிய தென் மாநிலங்களில் முட்டையிட்டு மடிகிறது. அதன் பிள்ளைகள் மேலும் வடக்கே போகின்றன. பேரப்பிள்ளைகள் இன்னும் வடக்கே. அடுத்த இலையுதிர் காலத்தில் தெற்கே கிளம்புவது கொள்ளுப்பேரனோ எள்ளுப்பேரனோ. அந்த மலையை அது பார்த்ததில்லை. பார்த்தவர் யாரையும் அது சந்தித்ததும் இல்லை. ஆயினும் அதே மலை, பெரும்பாலும் அதே தோப்பு.

எப்படி? சூரியனைப் பார்த்துத் திசை அறிகின்றன என்று ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்கள். சூரியனோ கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. காலை பத்து மணிச் சூரியனும் மாலை நான்கு மணிச் சூரியனும் ஒன்றாகா. ஆகையால் கடிகாரமும் வேண்டும். அக்கடிகாரம் பூச்சியின் உணர்கொம்புகளில் இருக்கிறது என்பது 2009-இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து ஸ்டீவன் ரெப்பர்ட்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவு. உணர்கொம்பை நீக்கிவிட்டால் பூச்சி பறக்கிறது. ஆனால் தெற்கே பறப்பதில்லை. கொம்பின்மேல் கறுப்பு வண்ணம் பூசி ஒளியை மறைத்தாலும் நேரம் தவறித் திசை தவறுகிறது. மேகம் மூடிய நாளில் பூமியின் காந்தமும் துணை செய்வதாகப் பின்னர் அறிந்தனர். இவ்வளவும் தெரிந்த பிறகும், குறிப்பிட்ட சில மலைகளிலேயே வந்து இறங்குவது எவ்வாறு என்பதற்கு நிறைவான விடை இல்லை. பேத்தியிடம் அப்படியே சொன்னோம். "அப்ப நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள்.

அம்மலையில் வளரும் ஓயமெல் என்னும் ஊசியிலை மரங்களே அவற்றுக்கு வீடு. குளிர் மிகுதியாக இருந்தால் பூச்சி உறையும். வெப்பம் மிகுந்தால் சேர்த்துவைத்த கொழுப்பு விரைவில் தீரும். அடர்ந்த காடு இரண்டுக்கும் இடையே காக்கிறது. மழைக்குக் குடையாகவும் குளிருக்குப் போர்வையாகவும் இருக்கிறது. மரங்களை வெட்டி இடைவெளி உண்டாக்கினால் குடையில் ஓட்டை விழுந்ததுபோல்தான். உடல் நனைந்த பூச்சி எளிதில் உறைந்துவிடும். 2002 ஜனவரியில் மழையும் அதைத் தொடர்ந்து கடுங்குளிரும் வந்தபோது, பெரிய தோப்புகளில் இருந்தவற்றுள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஓரிரவில் மடிந்தன. மெக்ஸிகோ அரசு அக்காடுகளை 1986 முதலே காப்பிடமாக அறிவித்து, 2000-இல் விரிவுபடுத்தியது. இப்போது அது 56,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காப்பகம். 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஆயிற்று. அடிவாரத்துக் கிராமங்களில் பலருக்கு அதே காடுதான் நிலம், அதே மரம்தான் வருவாய். காவல் என்பது அவர்களுக்கு இழப்பும் கூட.

பூச்சிகளை எண்ண முடியாது. ஆகையால் அவை மொய்த்திருக்கும் காட்டின் பரப்பை அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் அது 18 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2013-14-இல் 0.67 ஹெக்டேர். ஒரு கண்டத்தின் பாதியிலிருந்து வந்து கூடியவை எல்லாம் ஒரு கிரிக்கெட் மைதானத்துக்குள் அடங்கிவிட்டன! 2023-24-இல் 0.9, அடுத்த ஆண்டில் 1.79. ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறதேயன்றிப் பழைய நிலைக்கு மீளவில்லை.

காரணத்தைத் தேடி நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மகன் வீட்டிலிருந்து சதுப்பு நிலத்துக்குப் போகும் வழியிலேயே இருந்தது. மோனார்க்கின் புழு உண்பது மில்க்வீட் என்னும் ஒருவகைப் பாற்செடியை மட்டுமே. வேறு இலையைத் தொடாது. முன்பெல்லாம் இச்செடி மக்காச்சோளக் கொல்லைகளில் வரிசைகளுக்கிடையே களையாக முளைத்திருக்கும். 1996 முதல், களைக்கொல்லி தெளித்தாலும் தான் மடியாத சோயாவும், தொடர்ந்து மக்காச்சோளமும் பயிராக வந்தன. மருந்தைத் தாராளமாகத் தெளிக்கலாம். பயிர் நிற்கும், மற்றெல்லாம் கருகும். வழியில் நாங்கள் பார்த்த கொல்லைகளில் ஒரு களை கூட இல்லை. கோலமிட்டாற்போல் அத்தனை சுத்தம். முதல் பயணத்தில் அந்தச் சுத்தத்தை வியந்து நண்பர்களுக்குக் கடிதம் கூட எழுதியிருக்கிறோம்.

மில்க்வீட் செடியைக் கிள்ளிப் பார்த்தபோது பால் வடிந்தது. எங்கேயோ பார்த்ததுபோல் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, அது நம் எருக்கின் உறவு. ஒரே குடும்பத்துச் செடிகள். பிள்ளையார் சதுர்த்தியன்று நாம் மாலை கட்டுகிறோமே, மும்பையில் சனிக்கிழமைதோறும் மாருதிக்கு இலைமாலை சாத்துகிறார்களே, அதே எருக்கு. அதன் பாலைப் போலவே இதன் பாலிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. புழு அதை உண்டு உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. லிங்கன் பிரவர் என்னும் அறிஞர், மோனார்க்கை உண்ட நீலப் பறவையொன்று சற்று நேரத்தில் வாந்தியெடுப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். ஒருமுறை பட்ட பறவை மறுமுறை அந்நிறத்தை நெருங்குவதில்லை.

பேத்திக்கு ஓர் ஆசை. முட்டையோடு இலையைப் பறித்து வந்து வீட்டுக்குள் பெட்டியில் வளர்த்தால் பறவையும் எறும்பும் தின்னாமல் எல்லாம் பிழைக்கும், பிறகு விட்டுவிடலாம் என்று. பலரும் அங்கே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் 2019-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தார், வீட்டுக்குள் வளர்ந்த மோனார்க்குகளைச் சோதித்தபோது அவை தெற்குத் திசையைப் பிடிக்கத் தவறியதாக எழுதினர். பின்னர் கனடாவில் செய்த மற்றோர் ஆராய்ச்சியில், வெளியே விட்டபின் சிறிது காலம் வெயிலும் காற்றும் பட்டால் அவற்றுள் பெரும்பாலானவை திசையைக் கண்டுகொள்கின்றன என்று தெரிந்தது. எங்கள் மகன் இவ்விரண்டையும் மேசையருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மருமகள், "அப்ப தினமும் கொஞ்ச நேரம் வெளியில விட்டா போதுமா, மாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். பூச்சியைப் பற்றி மட்டுந்தான் அந்தப் பேச்சு என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவ்வீட்டில் ஞாயிறுதோறும் பேத்திக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு, நாங்கள் அங்கிருந்த மூன்று மாதமும் எங்களுடையது.

முடிவில் பெட்டி வேண்டாமென்று தீர்மானமாயிற்று. பின்கட்டில் நான்கு மில்க்வீட் செடிகளை நட்டார்கள். அதிலும் ஒரு தொல்லை. கடையில் மலிவாகவும் அழகாகவும் கிடைப்பது வெப்ப நாட்டுச் சாதி. தென் மாநிலங்களில் அது குளிர்காலத்திலும் பட்டுப்போகாமல் நின்று, பூச்சிகளைப் பயணம் போகவிடாமல் அங்கேயே தங்கி முட்டையிட வைக்கிறதாம். ஒட்டுண்ணி நோயும் பெருகுகிறதாம். ஆகவே அவ்வூர்ப் புல்வெளிக்கே உரிய சாதியைத் தேடி வாங்க வேண்டியிருந்தது.

நாங்கள் அக்டோபர்க் கடைசியில் மும்பை திரும்பினோம். செம்பூர் ரயில் பாதை வேலியோரம் நாங்கள் காலையில் நடந்துபோகும் வழியில் எருக்கம்புதர் ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளாக அதைக் கடந்து போயிருக்கிறோம்; நின்று பார்த்ததில்லை. இப்போது நின்று இலையைத் திருப்பினோம். மோனார்க்கின் உறவினமான வெந்தய வரியன், அதே செம்மஞ்சள் நிறம், சற்றுச் சிறிது, அங்கே முட்டையிட்டிருந்தது. அதுவும் எருக்கம்பாலை உண்டு நஞ்சேற்றிக்கொள்ளும் கூட்டந்தான். நம் நாட்டிலும் பயணம் போகும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. நீல வரியன் முதலியவை தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குச் சமவெளிக்குக் கூட்டங்கூட்டமாக இறங்குவதும், வடகிழக்கு மழையை ஒட்டித் திரும்புவதும் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பலர் பார்த்தவை. கோயம்புத்தூரிலும் நீலகிரியிலும் உள்ள உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மெக்ஸிகோவிலிருந்து சீட்டுகள் வந்து சேர வேனில் ஆகிவிடுகிறது. பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பட்டியலை மகன் வீட்டில் மூவரும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எங்கள் எண்கள் ஏழும் அதில் இல்லை. "கிழிஞ்சது கூட இல்லை, தாத்தா" என்றாள் பேத்தி. நூற்றுக்கு ஒன்று என்னும்போது ஏழுக்கு என்ன கணக்கு என்று சொன்னோம். சீட்டு கிடைக்கவில்லை என்பதால் பூச்சி போகவில்லை என்று ஆகாது. மரத்திலேயே இருந்து மார்ச்சில் வடக்கே கிளம்பியும் இருக்கலாம். அதை அவள் ஒப்புக்கொண்டாளா என்று தெரியவில்லை. சற்று நேரம் பேச்சில்லை.

பிறகு எங்கள் எருக்கைப் பற்றிக் கேட்டாள். இடையில் யாரோ புதரை அடியோடு வெட்டிவிட்டிருந்தார்கள். அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் எருக்கு அவ்வளவில் அழிகிற செடியன்று. கட்டையிலிருந்து கைமுழம் துளிர்த்திருந்தது. துளிரின் அடியில் வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாய்ப் பட்டையிட்ட புழு ஒன்று இருப்பதாகச் சொன்னோம். மோனார்க் புழுவுக்கு நான்கு கொம்பு, வெந்தய வரியன் புழுவுக்கு ஆறு கொம்பு என்று அவள் எங்கோ படித்திருக்கிறாள். எண்ணிப் பார்த்துத் தமிழில் எழுதி அனுப்பச் சொன்னாள். மறுநாள் காலை மூக்குக் கண்ணாடியோடு போய் எண்ணினோம். ஆறுதான்.